அகரம் கற்பித்தவருக்கு யாது பலன்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

விஜயதசமியன்று குழந்தையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ அதன் விரலைப் பிடித்து எழுதுவிப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஸம்ப்ரதாயம். அன்று வீட்டில் பாயஸம் உண்டு. குழந்தைக்குப் புத்தாடை உண்டு. எழுதுவித்த பெரியவருக்குத் தாம்பூலமும் நமஸ்காரமும் உண்டு. மறுநாள் முதல் அதே விரலைப் பிடித்து, அதே எழுத்தை நூறு முறை, இருநூறு முறை எழுதச் செய்து, அது குழந்தையின் கையிலும் கண்ணிலும் நிலைபெறும்வரை காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரே ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பாயஸம் முதல்நாளோடு முடிந்துவிடுகிறது. அவருடைய வேலையோ அன்றுதான் தொடங்குகிறது.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டின் மணற்குன்றடியிலும், பொருநைக் கரையில் நவதிருப்பதிகளைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், இந்நாட்டின் எண்ணற்ற கிராமங்களிலும் இப்பணி நாள்தோறும் நடந்து வருகிறது. இதைச் செய்பவருக்குக் கிடைக்கும் பலன் யாது? இக்கேள்விக்கு உலகம் இரண்டு விடைகளைத் தயாராக வைத்திருக்கிறது. “அது புண்ணியமான தொழில்; பலன் மறுமையில் கிடைக்கும்” என்பது ஒன்று. “மாதந்தோறும் சம்பளம் வாங்குகிறாரே, அதுவன்றோ பலன்” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாதி மெய்களே. இவற்றைச் சேர்த்து முழு மெய்யாக்குவது எவ்வாறு என்பதை நம் சாஸ்த்ரங்களையும் சரித்திரத்தையும் துணைக்கொண்டு ஆராய்வது, இவ்வுத்ஸவ காலத்தில் ஆஸ்திகப் பெருமக்களுக்கு உகப்பாகும்.

மறக்கப்படும் உபகாரம்

உபகாரங்கள் பலவகைப்படும். பொருள் கொடுத்தவரை, வாங்கியவன் அப்பொருளைக் காணுந்தோறும் நினைக்கிறான். நோய் தீர்த்த வைத்தியரை, நோய் வந்த நாளை எண்ணுந்தோறும் நினைக்கிறான். எழுத்தறிவித்தவரின் உபகாரம் இவற்றினின்று வேறுபட்டது. எழுத்தறிந்த ஒருவன் கண்முன் ஓர் எழுத்துத் தோன்றினால், அதைப் படிக்காமல் விட அவனால் இயலாது. அதனை வெறும் வளைவுகளாகவும் கோடுகளாகவும் கண்ட பழைய நிலைக்கு அவன் மீண்டும் செல்லவே முடியாது. ஆகையால் எழுத்தறியாதிருந்த காலம் அவன் நினைவில் நிற்பதில்லை. அக்காலம் மறைந்தபோது, அதிலிருந்து அவனைக் கரையேற்றியவரும் உடன் மறைந்து போகிறார்.

தர்க்கம் கற்பித்தவரையும் வைத்தியம் கற்பித்தவரையும் மாணாக்கன் முதுமையிலும் பெயர் சொல்லிப் போற்றுகிறான். ‘அ’ கற்பித்தவரின் பெயரைக் கேட்டால் பலரும் திகைப்பார்கள். இது நன்றி கெட்டதனத்தால் வருவதன்று. கொடுத்தது பெற்றவனுடைய இயல்பாகவே ஆகிவிட்டதால் வருவது. ஸர்வேச்வரன் பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளில் இருக்கிறான் என்று பூர்வாசார்யர்கள் அருளிச்செய்வர். அவற்றுள் நமக்கு மிக அணித்தாயிருப்பது உள்ளே நின்று நடத்தும் அந்தர்யாமி நிலை. நாம் பெரிதும் மறந்திருப்பதும் அதுவே. முதல் ஆசிரியருடைய உபகாரமும் அவ்வாறே உள்ளே புகுந்து, உள்ளிருப்பதனாலேயே காணப்படாமற் போகிறது.

ஆயினும் அவருக்கே உரியதொரு காட்சி உண்டு. ‘ப’, ‘ட’, ‘கு’ என்று மூன்று எழுத்துக்களையும் தனித்தனியே ஒரு குழந்தை பல நாள் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் காலையில் அம்மூன்றும் அதன் வாயில் ஒன்றுகூடிப் ‘படகு’ என்று வெளிப்படுகின்றன. சொன்ன குழந்தையே வியந்து ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. தந்தை நாள்தோறும் கடலில் தள்ளும் பொருளும், பலகையில் உள்ள கோடுகளும் ஒன்றே என்று அது கண்டுகொண்ட கணம் அது. ஒருவன் வாழ்நாளில் ஒரே முறை நிகழும் அக்கணத்தைப் பெற்றோரும் பெரும்பாலும் காண்பதில்லை, பேராசிரியர்களும் காண்பதில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியரோ ஆண்டுதோறும் முப்பது குழந்தைகளிடத்தில் முப்பது முறை காண்கிறார். இதனைப் பலன் என்று சொல்லத் தடையில்லை.

பெயர் தெரியாத ஒரு திண்ணை ஆசிரியர்

மறக்கப்படுதல் எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு நம் சென்னையே ஸாக்ஷி. ஸ்காட்லாந்து தேசத்தவரான ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்துக்கு மேற்பார்வையாளரானார். அங்கிருந்த ஆசிரியர்களைக் கொண்டு தாம் விரும்பியபடி கற்பிக்க இயலாமல் அவர் இடர்ப்பட்டார். அக்காலத்தில் உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதைத் தம் காப்பகத்திலும் கையாண்டார். ஆசிரியர்கள் இணங்காதபோது, ஜான் ஃபிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இவ்வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறையாக முன்பே இருந்துவந்தது.

1797-ஆம் ஆண்டில் பெல் இதனை லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. 1811-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவ ஏற்பட்ட தேசியச் சங்கம் அம்முறையையே மேற்கொண்டது. எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ பிள்ளைகள் அவ்வழியில் எழுத்தறிந்தனர். பெல் 1832-ஆம் ஆண்டில் மறைந்தபோது, அரசர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சென்னையில் மணலைப் பரப்பிப் பிள்ளைகளின் விரலைப் பிடித்த அந்தத் திண்ணை ஆசிரியரின் பெயரோ நம்மிடம் வந்து சேரவில்லை. அவருடைய மணல் கடல் கடந்து சென்றது. அவர் திண்ணையிலேயே இருந்தார்.

ஸ்வயம் ப்ரயோஜனம்

இதைக் கேட்டு வருந்துவோருக்கு ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தம் ஓர் ஆறுதல் கூறும். கைங்கர்யம் என்பது மற்றொரு பலனுக்குச் சாதனம் அன்று, அதுவே பலன். இதனை ஸ்வயம் ப்ரயோஜனம் என்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்குத் திருமாலை கட்டி ஸமர்ப்பித்தவர் பெரியாழ்வார். இன்று சாற்றிய மாலை நாளை களையப்படும். அதற்காக மாலை கட்டுபவர் கையை மடக்கி உட்கார்ந்துவிடுவதில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் பூக் கொய்கிறார். ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் அத்தகையவரே. ஓராண்டு முழுவதும் கட்டிய மாலை ஏப்ரல் மாதத்தில் அடுத்த வகுப்புக்குப் போய்விடும். ஜூன் மாதத்தில் புதிய பிள்ளைகள், மீண்டும் அகரம். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இவ்வாறே செல்லும். இதில் சலிப்பில்லாமல் இருக்கக் கூடியவர் யார்? செய்யும் செயலிலேயே பலனைக் கண்டவர் மட்டுமே. இந்த அளவில், ‘பலன் தொழிலிலேயே இருக்கிறது’ என்னும் கூற்று முற்றிலும் மெய்யாகும்.

ஆனால் இங்கு ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. ‘உங்கள் பணி தெய்வப் பணி, அதற்கு விலை ஏது?’ என்று சொல்லி, விலையே கொடுக்காமல் இருந்துவிடும் வழக்கம் உலகில் உண்டு. கைங்கர்யத்தைப் புகழ்ந்துகொண்டே கைங்கர்யபரரைப் பட்டினியில் வைப்பது கோயில்களிலும் நடக்கும், பள்ளிகளிலும் நடக்கும். ஆகவே இந்தத் தத்துவத்தை யார் வாயினால் சொல்வது தகும் என்பதை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பூர்வபக்ஷமும் ஸித்தாந்தமும்

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழும். கூலிக்குக் கற்பிப்பதை சாஸ்த்ரமே இகழ்ந்திருக்கிறதே? வேதத்தின் ஒரு பகுதியையோ அங்கங்களையோ ஜீவனத்துக்காகக் கற்பிப்பவனை உபாத்யாயன் என்றும், உபநயனம் செய்வித்து முழுவதும் கற்பிப்பவனை ஆசார்யன் என்றும் மநு பிரித்து, உபாத்யாயனைவிட ஆசார்யனைப் பத்து மடங்கு உயர்த்தியிருக்கிறார். கூலி பேசிக் கற்பிப்பவனைச் சிராத்தத்தில் அழைக்கலாகாது என்றும் விலக்கியிருக்கிறார். ஆகவே ஊதியம் கேட்கும் ஆசிரியன் தாழ்ந்தவன் அன்றோ என்பது கேள்வி.

இதற்கு விடை அதே நூலிலேயே இருக்கிறது. கல்வி முடிந்து விடைபெறும் மாணாக்கன் தன் சக்திக்கு ஏற்பக் குருவுக்கு அளிக்க வேண்டியவற்றை மநு வரிசையாக எண்ணுகிறார். நிலம், பொன், பசு, குதிரை, குடை, பாதரக்ஷை, ஆசனம், தானியம், ஆடை ஆகியவற்றோடு கீரையையும் அவர் சேர்த்திருக்கிறார். செல்வன் நிலம் கொடுக்கட்டும். ஏழை கீரையாவது கொடுக்கட்டும். கொடாதிருக்க எவனுக்கும் அனுமதியில்லை என்பது இதன் கருத்து. ஆகவே விலக்கப்பட்டது பேரம் பேசுதலே அன்றி தக்ஷிணை அன்று. யாகத்தில் தக்ஷிணை கொடாவிடில் குறைவு நேர்வது ருத்விக்குக்கு அன்று, யஜமானனுக்கே என்பது வைதிகர் அனைவரும் அறிந்தது. கல்வியாகிய யாகத்திலும் இதுவே நியாயம். ‘எனக்கு ஒன்றும் வேண்டா’ என்று ஆசிரியர் சொல்லலாம். அது அவருடைய வைராக்யம். ‘உமக்கு ஒன்றும் வேண்டா’ என்று ஊரார் சொல்லலாகாது. அது வைராக்யம் அன்று, கடன் தீர்க்காமை.

பாஞ்சஜந்யம் கிடைத்த விதம்

இந்த நியாயத்தை எம்பெருமான் தானே அநுஷ்டித்துக் காட்டியிருக்கிறான். ஸ்ரீவிஷ்ணு புராணமும் ஸ்ரீமத் பாகவதமும் கூறும் சரித்திரம் அது. கண்ணனும் பலராமனும் அவந்தி தேசத்தில் ஸாந்தீபனி முனிவரிடம் குருகுலவாஸம் செய்து, அறுபத்து நான்கு நாட்களில் அறுபத்து நான்கு கலைகளையும் கற்றார்கள். விடைபெறும் போது, ‘குருதக்ஷிணையாக யாது ஸமர்ப்பிக்க வேண்டும்?’ என்று கேட்டார்கள். முனிவர் தம் மனைவியோடு கலந்து பேசி, ப்ரபாஸ தீர்த்தத்தில் கடல் கொண்டுபோன தம் மகனை மீட்டுத் தரும்படி வேண்டினார்.

கண்ணன் யார்? ஸகல வித்யைகளுக்கும் பிறப்பிடமானவன். அவனுக்குக் கற்பித்ததால் முனிவருக்கு உண்டான பாக்யம் எத்தகையது! ‘எனக்குக் கற்பிக்கக் கிடைத்ததே உமக்குப் போதுமான பலன்’ என்று அவன் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. அவன் அவ்வாறு சொல்லவில்லை. தான் கொடுக்க விரும்பியதைக் கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. அவருக்கு வேண்டியது யாது என்று கேட்டான். கேட்டபின் கடற்கரைக்குச் சென்றான். சங்கின் உருவத்தில் கடலுக்குள் இருந்த பஞ்சஜநன் என்னும் அஸுரனை வதைத்தான். அவனிடம் பிள்ளையைக் காணாமல், அந்தச் சங்கை எடுத்துக்கொண்டு யமபுரம் வரை சென்றான். பிள்ளையை மீட்டுக் குருவின் கையில் ஒப்படைத்தான்.

நாம் நாள்தோறும் ஸேவிக்கும் திருக்கையில் விளங்கும் பாஞ்சஜந்யம், ஓர் ஆசிரியருக்குச் சேர வேண்டியதைச் செலுத்தப் போன வழியில் கிடைத்தது. சங்கும் முத்தும் எடுக்க மூச்சடக்கி மூழ்கிய மரபினர் வாழும் இந்தத் தூத்துக்குடிக் கரையில், கடல் கொண்டுபோன பிள்ளை என்னும் சொல்லின் கனத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் வீட்டில் உள்ள துயரத்தை மாணாக்கன் தன் துயரமாக ஏற்றான் என்பதே இச்சரித்திரத்தின் ஸாரம். அவர் மனைவியையும் கலந்து பேசினார் என்று ரிஷி எழுதிவைத்திருப்பதும் காரணமின்றி அன்று. பள்ளியில் ஆசிரியர் காட்டும் பொறுமையின் சுமையில் பாதியை வீட்டில் உள்ளவர்கள் தாங்குகிறார்கள்.

வறுமையும் அடிமையும்

கொடுக்க வேண்டியதைக் கொடாவிடின் நேர்வது யாது என்பதை மஹாபாரதம் காட்டும். அச்வத்தாமன் பாலுக்கு அழுதபோது, மாவைக் கரைத்த நீரைப் பாலென்று கொடுத்து ஏமாற்றினார்கள். அவன் அதைக் குடித்துக் கூத்தாடினான். அதைக் கண்ட த்ரோணரின் நெஞ்சம் வெந்தது. துருபதனிடம் சென்று அவமதிக்கப்பட்டார்; பின்பு கௌரவர்களின் அரண்மனையை அடைந்தார். தாம் கற்பிக்காத ஏகலைவனிடமிருந்து கட்டைவிரலைத் தக்ஷிணையாகப் பெறும் அளவுக்கு அவர் சென்றார். மாவு நீரில் தொடங்கிய கதை கட்டைவிரலில் வந்து நின்றது. த்ரோணர் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆசாரியன் வீட்டுக் குழந்தைக்குப் பால் இல்லாமற்போனது யார் தவறு என்றும் கேட்க வேண்டும்.

ஊதியம் மிகுதியாகக் கிடைத்தும் கெட்டவர்கள் உண்டு. சுக்ராசார்யரின் புதல்வர்களான சண்டன், அமர்க்கன் என்னும் இருவர் ஹிரண்யகசிபுவின் அரண்மனையில் அஸுரப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் படியளப்பவனின் முகத்தைப் பார்த்தே பாடம் சொல்ல வேண்டியிருந்தது. ப்ரஹ்லாதன் பகவானைச் சொன்னபோது, அக்குழந்தையின் உள்ளத்தை அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் தலையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வெளியே சென்ற இடைவேளையில் ப்ரஹ்லாதனே மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியனானான். ஆகவே ஆசிரியருக்கு அளிக்கப்படுவது இரு லக்ஷணங்கள் உடையதாயிருக்க வேண்டும். அவர் வீட்டு அடுப்பு எரியப் போதுமானதாயிருக்க வேண்டும். அவர் நாவை வாங்கிவிடாததாயும் இருக்க வேண்டும்.

கோயில் அளந்த நெல்லும் அரசியின் பாதரக்ஷையும்

நம் விஷ்ணு ஆலயங்கள் இதனை ஒரு காலத்தில் உணர்ந்திருந்தன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 340 மாணாக்கர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் 45 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் ஆலயத்தில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பெருமாள் ஸந்நிதியைச் சார்ந்து பாடசாலையும், மாணாக்கர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இருந்ததைக் கூறுகிறது. ஆசிரியருக்கு நெல் அளந்தது எவருடைய தயவும் அன்று. கல்லில் வெட்டிய கடமை. ஆயினும் அக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது. பதினெட்டு முறை நடந்து பெற்ற பொருளைத் திருக்கோட்டியூரில் எல்லோரும் அறிய வெளியிட்ட எம்பெருமானாரின் திருவுள்ளம், பள்ளிக்கூடத்தின் வாசல்வரை வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை எவ்வாறிருந்தது? சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். ஆசிரியர்களின் மாத வருவாய் பொதுவாக 6 அல்லது 7 ரூபாய்க்கு மேற்படவில்லை என்றும், தகுதியுடையோரை அத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் அவர் எழுதினார். பள்ளிகளின் எண்ணிக்கையை எண்ணிப் பெருமைப்படும் நாம் அந்த 6 ரூபாயையும் உடன் எண்ண வேண்டும்.

மணப்பாட்டுக் கரையிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. சமயம் வேறாயினும் தர்மம் ஒன்றாகலின் அதனை இங்கே எடுத்துரைப்பதில் தவறில்லை. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் என்னும் கிறிஸ்தவத் துறவி, மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த ஜபங்களை மனப்பாடம் செய்வித்தார். 1544-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதங்களுட் சில மணப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை. தாம் ஓரூரில் நிற்பவர் அல்லர் என்பதை அறிந்த அவர், ஊருக்கு ஒருவராகக் கற்பிப்போரை நியமித்தார். அவர்கள் எதை உண்டு வாழ்வார்கள் என்ற கேள்வியையும் அவர் தள்ளவில்லை. முத்துக் கரையிலிருந்து போர்த்துக்கல் அரசியாரின் பாதரக்ஷைச் செலவுக்கென்று சென்றுகொண்டிருந்த ஆண்டுத் தொகையான 4,000 பணத்தை, பிள்ளைகளுக்குக் கற்பிப்போரின் ஊதியத்துக்காகக் கேட்டுப் பெற்றார். குருவுக்கு அளிக்கத் தக்கவற்றுள் பாதரக்ஷையையும் மநு எண்ணியிருப்பதை முன்பு கண்டோம். இங்கே ஓர் அரசியின் பாதரக்ஷையே கற்பிப்போர் வீட்டு அரிசியாயிற்று. துறவியாகிய அவர் தமக்கென்று ஒன்றும் வேண்டாதவர். ஆயினும் பிறருக்குத் துறவை விதிக்கவில்லை. பலன் வேண்டாமை தனக்கு. பலன் கொடுத்தல் பிறர்க்கு. இந்த விவேகமே இங்கு அறியத் தக்கது.

முத்தெடுப்பதும் எழுத்தறிவிப்பதும்

இக்கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். அத்தொழில் நின்றாலும் அதன் உவமை நிற்கிறது. முத்தெடுப்பவர் எத்தனையோ சிப்பிகளைத் திறந்து ஒன்றிரண்டில் முத்தைக் காண்பார், மற்றவற்றைத் தள்ளிவிடுவார். அத்தொழிலுக்கு அதுவே முறை. ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு அந்த உரிமை இல்லை. முத்து இருக்கிறதா என்று பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க அவரால் இயலாது; வந்த பிள்ளைகள் அனைவரும் அவருடைய பிள்ளைகளே. விரைவாகப் படிக்கும் பிள்ளை எந்த ஆசிரியரிடத்தும் படித்துவிடும். மூன்றாம் மாதத்திலும் ‘ண’வும் ‘ன’வும் மயங்கும் பிள்ளைக்குத்தான் ஆசிரியர் வேண்டும். அப்பிள்ளையின் அருகே குனிந்து உட்காரும் நேரத்தில்தான் அவர் ஊதியத்துக்கும் மேற்பட்டவராகிறார். அதை எந்தச் சம்பளமும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வீட்டுக் கவலை மிகுந்த ஆசிரியருக்கு அவ்வாறு குனிய நேரமும் மனமும் இராது. ஊதியம் பொறுமையைத் தருவதில்லை. பொறுமைக்கு இடம் தருகிறது.

அந்தப் பிள்ளை வளர்ந்து கடலுக்குப் போகலாம். வேறு தேசத்துக்கும் போகலாம். ஏலத்தில் எழுதும் எடையைத் தானே படித்துப் பார்ப்பான். புயல் எச்சரிக்கையைப் பிறர் சொல்லக் காத்திராமல் தானே அறிவான். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்காமல், படித்தபின் கையெழுத்திடுவான். இவற்றைச் செய்யும்போது தன் முதல் ஆசிரியரை நினைக்கமாட்டான். அவரோ அந்த எடையிலும் எச்சரிக்கையிலும் கையெழுத்திலும் இருப்பார்.

ஊராரின் பங்கு

அரசாங்கம் தன் பங்கில் சிலவற்றைச் செய்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-ஆம் ஆண்டில் சத்துணவாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் காலை உணவும் தொடங்கிற்று. பசித்த வயிற்றில் எழுத்து நிற்காது என்பதை ஆசிரியர்கள் அறிந்த அளவு பிறர் அறியார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுத்ததோடு, மக்கட்கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்விக்குப் புறம்பான வேலைகளில் அவர்களை ஈடுபடுத்தலாகாது என்றும் விதித்தது. அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணி பெற்றவர்களின் ஊதியம் முற்காலத்தினும் உயர்ந்துள்ளது. தனியார் பள்ளிகளிலும் தற்காலிகப் பணியிலும் சொற்ப ஊதியத்தில் அதே அகரத்தைக் கற்பிப்போர் இன்றும் பலர். ‘தெய்வப் பணி’ என்னும் புகழ்மொழி பெரும்பாலும் அவர்களிடத்தேதான் சொல்லப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் செய்ய முடியாததை ஊரார் செய்யலாம். மீன்பாடு மிகுந்த நாளிலும், அறுவடை நாளிலும், பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவது ஒரு தக்ஷிணை. ஆசிரியரைப் பிள்ளையின் முன்னிலையில் இழித்துப் பேசாதிருப்பது ஒரு தக்ஷிணை. பள்ளியை நடத்துவோர் கட்டடத்துக்குப் பூசும் வர்ணத்தைக் குறைத்தாவது ஆசிரியரின் ஊதியத்தைக் காலத்தில் கொடுப்பது தக்ஷிணைகளுள் தலையாயது. உத்ஸவ காலங்களில் உபயதாரர்களுக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்கிறோம். ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தறிவித்த முதியவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று ஸேவித்துப் போவாராயின், அவரை அழைத்து முன்னே நிறுத்துவதும் பெருமாளுக்கு உகப்பான கைங்கர்யமே.

நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூரில் அவதரித்தவர் மதுரகவியாழ்வார். கற்றவர், வயதில் நம்மாழ்வாரினும் மூத்தவர். ஆயினும் திருக்குருகூரில் புளியமரத்தடியில் வீற்றிருந்தவரையே ஆசார்யனாக அடைந்து, தாம் பாடிய பதினொரு பாசுரங்களையும் அவருக்கே ஆக்கினார். பிற்காலத்தில் ப்ரபந்தங்கள் மறைந்துபோனபோது, நாதமுனிகள் அந்தக் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஜபித்தே நாலாயிரத்தையும் மீட்டார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. மறைந்த வேதம் மீண்டும் கிடைத்தது, ஒரு மாணாக்கன் தன் ஆசிரியரை மறவாதிருந்ததனால்.

இவற்றால் தேறியது இது. அகரம் கற்பித்தவருக்குப் பலன் அவருடைய கற்பித்தலிலேயே இருக்கிறது. அதை அவருக்கு எவரும் கொடுக்கவும் வேண்டா, எவரும் பறிக்கவும் முடியாது. ஆனால் அதைச் சாக்காகக் கொண்டு அவருக்குச் சேர வேண்டியதை நிறுத்திவைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. கற்ற பிள்ளை அவரை மறந்துபோவது இயற்கை. பிள்ளையைப் படிக்க அனுப்பிய ஊர் மறப்பது இயற்கை அன்று. குருவின் கடனைத் தீர்க்கக் கடலுக்குள் இறங்கிய எம்பெருமான், எழுத்தறிவிக்கும் அனைவருடைய இல்லங்களிலும் குறைவின்றி மங்களம் பெருகும்படி அருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.